நம்பரில் உட்கார்ந்த ஈ

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒரு ஆள் இருப்பார். அவருடைய நிஜ வேலை பர்ச்சேஸாகவோ டெஸ்பாட்ச்சாகவோ இருக்கும். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் மேஜைக்கு அடியில் கேபிளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார். எங்கள் ஆபீஸில் அந்தப் பாவி நான்.

இந்தப் பதவிக்கு நான் மனுப் போடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை மானேஜரின் மானிட்டர் இருண்டு கிடந்தது. சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டதில், நாளைக்குத்தான் வர முடியும், விஸிட்டிங் சார்ஜ் தனி என்று சொல்லிவிட்டான். ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கப் போயிருந்த நான், மேஜைக்குப் பின்னால் உருண்டுவிட்ட பேனாவை எடுக்கக் குனிந்தேன். அங்கே ஒரு கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். மானிட்டர் பளிச். சஞ்சீவி மலையோடு வந்து இறங்கிய அனுமாரைப் பார்ப்பதுபோல மானேஜர் என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து எனக்குப் பெயரே போய்விட்டது. "கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்று யார் குரல் கொடுத்தாலும் அது என்னைத்தான். படித்தது பி.காம். ஆனாலும் இந்த உத்தியோகத்தில் எனக்கு ஒரு உண்மை தெரிந்துவிட்டது. நூறு பேர் கூப்பிட்டாலும் வியாதி என்னவோ பத்துப் பன்னிரண்டுதான். மீதியெல்லாம் பதற்றம்.

* * *

முதல் வைத்தியம் உங்களுக்கே தெரியும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்தும் இலை எடுக்காமல் போனவர்கள் மாதிரி, சில புரோகிராம்கள் மூடின பிறகும் மெமரியில் எச்சிலை விட்டுவிட்டுப் போகும். முப்பது நாள் பந்தி நடந்தால் அடுத்த ஆள் எங்கே உட்காருவது? ரீஸ்டார்ட் பண்ணினால் மண்டபத்தையே கழுவிவிட்ட மாதிரி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்கள் ஹெட் கிளார்க் ஒழுக்க சீலர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட் டவுன் பண்ணாமல் செருப்புப் போடமாட்டார். ஆனாலும் அவர் கம்ப்யூட்டர் மாட்டு வண்டி மாதிரிதான் நகரும். 

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க ஸார்."

"டெய்லி ஷட் டவுன் பண்ணிட்டுத்தான்யா போறேன். அதுக்கு மேல என்ன ரீஸ்டார்ட்டு?"

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மானேஜர் திறந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ் என்று ஒரு பக்கம். கீழே 'அப் டைம்' என்று ஒரு கணக்கு. மெஷின் எத்தனை நாளாகத் தூங்காமல் இருக்கிறது என்று அது சொல்லும். முப்பத்தேழு நாள் என்று காட்டியது. ஹெட் கிளார்க் என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

விஷயம் இதுதான். 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் உள் பாகத்தை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். காலையில் விட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கும். சீக்கிரம் ஆன் ஆகும். ஆனால் நேற்றைய குப்பையும் கூடவே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நிஜமாகவே குளித்துவிட்டு வரும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவையாவது ரீஸ்டார்ட். இல்லையென்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைத் தட்டுங்கள், முழுசாகப் படுத்துவிடும்.

ஹெட் கிளார்க் இப்போது காலையில் வந்ததும் விபூதி இட்டுக்கொண்டு அப் டைம் பார்க்கிறார்.

* * *

அடுத்தது கீபோர்டு கேஸ்கள். இவை வியாதியே இல்லை, கண் திருஷ்டி மாதிரி. 

"எக்ஸெல்ல ஆரோ கீயைத் தட்டினா கட்டம் நகரமாட்டேங்குது, ஷீட்டே நகருது" என்றால் அது ஸ்க்ரோல் லாக். யாராவது டிபன் பாக்ஸை கீபோர்டு மேல் வைத்திருப்பார்கள். லேப்டாப்பில் அந்த கீயே இருக்காது. அப்போது ஸ்டார்ட்டில் 'ஆன் ஸ்க்ரீன் கீபோர்டு' என்று தேடித் திரையிலேயே கீபோர்டை வரவழைத்து அதில் தட்டி அணைக்க வேண்டும். "பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கறேன், தப்புங்கறான்" என்றால் காப்ஸ் லாக்கைப் பாருங்கள், அடுத்தது நம் லாக்கைப் பாருங்கள், அதற்கப்புறம் ஐ.டி. டிபார்ட்மென்ட்டைத் திட்டலாம்.

ஒரு தடவை டெஸ்பாட்ச்சில் ஒருத்தருக்குத் திரை தலைகீழாகிவிட்டது. சில மெஷின்களில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து கீழ் அம்பும் பட்டால் அப்படி ஆகும்; மேல் அம்பு போட்டால் நேராகிவிடும். அதற்கு மசியாவிட்டால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் ஆக்க வேண்டும். இதைச் சொல்ல நான் போய்ச் சேர்வதற்குள் மனிதர் மானிட்டரையே தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் லெட்ஜரை முட்டுக் கொடுத்து, நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது.

பழைய மெஷின்களில் இன்னொரு வேடிக்கை. எந்த வெப்சைட்டும் திறக்காது. பாதுகாப்பு இல்லை, சர்ட்டிஃபிகேட் சரியில்லை என்று மிரட்டும். நெட்காரனுக்கு போன் போடுவதற்கு முன்னால் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி காட்டினால் காரணம், மதர்போர்டில் நாணயம் சைஸில் ஒரு பாட்டரி செத்துப்போனது. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். வெப்சைட்டின் சர்ட்டிஃபிகேட்டுக்கு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லுபடி என்று கணக்கு உண்டு. உங்கள் மெஷின் அது பிறப்பதற்கு முந்தைய வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் செல்லாது என்றுதான் சொல்லும்.

இன்னொன்று, சேவ் பண்ணாமல் மூடிவிட்டு வருகிற கண்ணீர். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மானேஜ் டாக்குமென்ட் என்று போனால் 'ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' என்று ஒரு வாசல் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வேர்டு தானாகவே ஒரு காப்பி எடுத்து வைக்கும். பாதிக்கு மேல் கிடைக்கும். உடனே பார்க்க வேண்டும். நாலு நாள் போனால் அதுவும் போய்விடும்.

தமிழ் லெட்டர் கேஸும் வரும். ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து வந்த தமிழ்க் கடிதம், திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக ஏதோ மந்திரம். வைரஸ் இல்லை. பழைய ஃபான்ட்களில், இங்கிலீஷ் எழுத்து உட்கார வேண்டிய நாற்காலியில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்திருந்தார்கள். அதே ஃபான்ட் உங்களிடம் இல்லாவிட்டால் நாற்காலியின் நிஜச் சொந்தக்காரர் தெரிவார். யூனிகோடில் தமிழுக்கென்று தனி நாற்காலி 1991-லேயே போட்டாகிவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-ல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய ஃபான்ட்டில் அடித்த கை பழைய ஃபான்ட்டிலேயே அடிக்கிறது. எந்த ஃபான்ட் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யூனிகோடுக்கு மாற்றித் தருகிற கன்வர்ட்டரில் போட்டு எடுங்கள். மறுபடி டைப் அடிக்க உட்காராதீர்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் பதினான்கு பக்கம் அடித்தார்.

* * *

போனுக்கு வருவோம். போன் வைத்தியத்தில் டாக்டர்கள் அதிகம். டீக்கடையில் ஒரு கருத்து, வீட்டில் ஒரு கருத்து.

சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே பாட்டரி போச்சு என்று கடைக்கு ஓடாதீர்கள். பேன்ட் பாக்கெட்டில் இருக்கிற நூல் பிசிறெல்லாம் சார்ஜ் போடுகிற ஓட்டையில் போய்ப் பஞ்சு மெத்தை போட்டிருக்கும். போனை ஆஃப் பண்ணிவிட்டு, டார்ச் அடித்து, மரப் பல்குச்சியால் மெல்ல நெம்பினால் வரும். ஊக்கு கூடாது, உள்ளே இருக்கிற பின்கள் நசுங்கும். நான் முதல் தடவை எடுத்த பஞ்சில் ஒரு விளக்குத்திரி போடலாம்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவில் புதைப்பது நம் தேசிய வைத்தியம். வேண்டாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2024 ஜனவரியில் எழுதிப் போட்டுவிட்டது. அரிசித் தூள் உள்ளே போய் இன்னும் கெடுக்குமாம். சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமாக வைத்துவிட்டுப் பொறுமையாக இருப்பதே மருந்து. காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். அரிசியைச் சோறாக்குங்கள்.

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிற நோய்க்குக் காரணம் குட் மார்னிங். ரோஜாப்பூ, சூரியோதயம், முருகர், காபிக் கோப்பை. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மானேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் ஐந்து எம்.பி.க்கு மேற்பட்டவை தனியாகவும், பல தடவை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் அடுக்கிக் காட்டும். அங்கே அழிக்கலாம். ஆட்டோ டவுன்லோடை நிறுத்திவிட்டால் பெரியப்பாவின் ரோஜா உங்கள் அனுமதி இல்லாமல் உள்ளே வராது.

இதைவிட முக்கியம் கூகிள் கணக்கு. இலவசமாகக் கொடுக்கிற 15 ஜி.பி.யில்தான் ஜிமெயிலும் டிரைவும் போட்டோவும் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. 2021 ஜூன் 1 வரை போட்டோவுக்கு ஒரு வகையில் இலவசத் தங்கல் இருந்தது. அதன் பிறகு ஏற்றுகிற ஒவ்வொரு படமும் கணக்கில் சேரும். நிரம்பிவிட்டால் உங்களுக்கு வருகிற மெயில் திரும்பிப் போய்விடும். உங்களுக்கு மணியும் அடிக்காது. எங்கள் சேல்ஸில் ஒருவர் ஒரு வாரம் ஆர்டர் மெயிலுக்குக் காத்திருந்தார். அனுப்பிய கம்பெனியோ மெயில் திரும்பி வந்ததால் இவர் வேலையை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தது. நிரப்பியது அவர் மச்சினன் கல்யாண வீடியோ.

ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். போனில் ஏதாவது கோளாறு, பணம் கழிந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை என்றால், நெட்டில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி முதலில் வருகிற நம்பருக்கு போன் போடாதீர்கள். பல நம்பர்கள் திருடன் போட்டு வைத்தவை. கனிவாகப் பேசுவான். "ஒரு ஆப் இறக்கிக்குங்க ஸார், நானே சரி பண்ணித் தர்றேன்" என்பான். அது உங்கள் திரையை அவனுக்குக் காட்டுகிற ஆப். நீங்கள் பின் நம்பர் தட்டுவதை அவன் அங்கே உட்கார்ந்து பார்ப்பான். கார்டின் பின்பக்கம் அச்சடித்த நம்பரை மட்டும் நம்புங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

* * *

இவ்வளவு பேசுகிறேனே, நான் பண்ணிய காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அக்கவுண்ட்ஸில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஆறு மாச ப்ரொபேஷனில் ஐந்தாவது மாசம். அப்பா இல்லை, தம்பி பாலிடெக்னிக். வேலையில் கெட்டிக்காரி, ஒரு வவுச்சரை இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள். அந்த நல்ல குணம்தான் அவளை மாட்டிவிட்டது.

எங்கள் சம்பள சாஃப்ட்வேர் மாசக் கடைசியில் ஒரு ஃபைல் கக்கும். சி.எஸ்.வி. என்பார்கள், பெயர், அக்கவுண்ட் நம்பர், தொகை எல்லாம் நடுவில் கமா போட்டு வரிசையாக இருக்கும். அதை அப்படியே பாங்க் வெப்சைட்டில் ஏற்றினால் எல்லோருக்கும் சம்பளம். முன்பு இருந்தவர் திறந்தே பார்க்கமாட்டார். இவளோ சரிபார்க்க வேண்டும் என்று டபுள் கிளிக் பண்ணித் திறந்தாள். எக்ஸெல் திறந்தது. 

அப்போதுதான் நான் டீக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"ஸார், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? அக்கவுண்ட் நம்பர்ல ஈ வந்து உக்காந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். நாலு பேரின் நம்பர் மட்டும் 1.23457ஈ+15 என்கிற தினுசில் இருந்தது. நான் நின்றுகூடப் பார்க்கவில்லை. "அந்தக் கட்டத்தை செலக்ட் பண்ணி, ஃபார்மட் செல்ஸ்ல நம்பர்னு குடும்மா, டெஸிமல் ஸீரோ போடு, ஈ பறந்துடும்" என்று சொல்லிவிட்டு மசால் வடை தீர்ந்துவிடுமே என்று ஓடினேன். திரும்பி வரும்போது சிரித்தாள். "பறந்துடுச்சு ஸார்." ஃபைலை சேவ் பண்ணி பாங்க்கில் ஏற்றினாள்.

ஒண்ணாம் தேதி எல்லோருக்கும் சம்பளம் வந்தது. புதிதாகச் சேர்ந்த நாலு பையன்களில் மூன்று பேருக்கு வரவில்லை. பணம் அப்படிக் கணக்கே இல்லை என்று கம்பெனிக்கே திரும்பி வந்துவிட்டது. மறுநாள் அதே ஃபைலிலிருந்து மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பியது. ஐந்தாம் தேதி ஒரு பையனுக்கு பைக் லோன் தவணை பவுன்ஸ் ஆகி, அதற்கு அபராதம் வேறு. இன்னொருத்தன் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறான். வாடகை தராததற்கு மானேஜர் ரூம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். 

ஆபீஸில் பேச்சு வேறு மாதிரி போனது. நாலு பேரில் ஒருத்தனுக்கு மட்டும் எப்படிச் சம்பளம் வந்தது? அவன் கொஞ்சம் பார்க்க லட்சணமாக இருப்பான். அக்கவுண்ட்ஸ் பக்கம் அடிக்கடி வருவான் என்று ஒருவர். நானே பார்த்தேன் என்று இன்னொருவர். நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் கோளாறுக்கு முன்னால் காதல் கோளாறைத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஆறாம் தேதி மதியம் மானேஜர் ரூமிலிருந்து குரல். "கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? பிரிண்ட் வரமாட்டேங்குது."

அவர் வழக்கம் போலக் கோபத்தில் பிரிண்ட் பட்டனைப் பல தடவை அழுத்தியிருந்தார். ஒன்று சிக்கிக்கொண்டால் அதன் பின்னால் எல்லாம் க்யூவில் நிற்கும். மறுபடி அழுத்துவது ரேஷன் கடை க்யூவில் இன்னும் நாலு பேரை நிறுத்துவது மாதிரி. இதற்கு வைத்தியம்: ஸ்டார்ட்டில் 'சர்வீஸஸ்' என்று தேடித் திறந்து, அதில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்கிறவரை நிறுத்த வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்த ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். க்யூ காலி.

அழிப்பதற்கு முன்னால் க்யூவைத் திறந்து பார்த்தேன். ஒரே பெயர் வரிசையாக எட்டு தடவை. அந்தப் பெண்ணின் பெயர் போட்டு, பக்கத்தில் 'மெமோ'. 

"அலட்சியம்யா. மூணு பேர் சம்பளத்துல விளையாடியிருக்கா. கன்ஃபர்மேஷனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீ பிரிண்டரைப் பாரு" என்றார் மானேஜர்.

"அஞ்சு நிமிஷம் ஸார்" என்று வெளியே வந்தேன். அந்த நாலு பையன்களின் பாஸ்புக் ஜெராக்ஸ் பர்ஸனலில் இருந்தது. பாங்க்கில் ஏற்றிய ஃபைலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நாலு பேருக்கும் ஒரே பாங்க். பழைய ஆட்களுக்கெல்லாம் பதினோரு இலக்க நம்பர். இந்த நாலு பேருக்கு மட்டும் பதினாறு இலக்கம். ஃபைலில் நாலு நம்பரும் பூஜ்யத்தில் முடிந்தன. பாஸ்புக்கில் ஒன்று 7-ல், ஒன்று 3-ல், ஒன்று 8-ல். நாலாவது, நம் லட்சணமான பையன், பிறவியிலேயே பூஜ்யத்தில் முடிகிறவன். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

எக்ஸெல்லுக்குப் பதினைந்து இலக்கத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. 1234567890123456 என்று கொடுத்தால் முதல் பதினைந்தை வைத்துக்கொண்டு பதினாறாவதை பூஜ்யமாக்கிவிடும். கேட்காது, சொல்லாது. அது கணக்குப் போடுகிற ஜந்து. கோடிக்கணக்கில் கடைசி ஒன்று போனால் என்ன என்று அதற்கு நினைப்பு. அக்கவுண்ட் நம்பர் என்பது எண் இல்லை, பெயர் மாதிரி என்று அதற்குத் தெரியாது. திரையில் ஈ உட்கார்ந்த நிமிஷமே அந்தக் கடைசி இலக்கம் செத்துவிட்டது. நான் சொன்ன வைத்தியம் ஈயைத்தான் விரட்டியது. விரட்டாமல் விட்டிருந்தால்கூட பாங்க் வெப்சைட் அந்த ஈயைப் பார்த்ததும் ஃபைலையே திருப்பி அடித்திருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் பிணத்துக்குப் பவுடர் போட்டு அனுப்பி வைத்தேன்.

இந்தப் புத்தி எக்ஸெல்லுக்கு நம்மிடம் மட்டும் இல்லை. மனித ஜீன்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் மார்ச் 1, செப்ட் 1 என்கிற மாதிரி இருந்தது. விஞ்ஞானிகள் எக்ஸெல்லில் அடித்தால் அது தேதியாக மாற்றிவிடும். எக்ஸெல் திருந்தக் காத்திருந்து பார்த்துவிட்டு, 2020-ல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கிற சர்வதேசக் கமிட்டி அந்த ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டது. அதற்கப்புறம் 2023-ல்தான், ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் இந்தத் தானியங்கி மாற்றங்களை அணைக்கிற வசதியைக் கொடுத்தார்கள். இப்போதும் நாமாகப் போய் அணைத்தால்தான் உண்டு.

பணம் திரும்பி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அந்தப் பூஜ்ய நம்பரில் நிஜமாகவே ஒரு ஆசாமி இருந்திருந்தால் அவர் கணக்கில் போய் விழுந்திருக்கும். நெஃப்ட்டில் அனுப்பும்போது பாங்க் நம்பரைப் பார்த்துத்தான் வரவு வைக்கும். நம்பர் சரியா என்பது அனுப்புகிறவர் பாடு. பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டுகிற வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. ஒவ்வொன்றாக அனுப்பும்போது அதைப் பாருங்கள்.

நீங்கள் அக்கவுண்ட்ஸில் இருந்தால் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.வி. ஃபைலைப் பார்க்க ஆசையிருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். அது எதையும் தொடாது. எக்ஸெல்தான் வேண்டுமென்றால் டபுள் கிளிக் பண்ணாமல், காலி ஷீட்டில் டேட்டா மெனு வழியாக உள்ளே இழுத்து, அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று சொல்லிவிடுங்கள். கையால் அடிப்பதானால் முதலில் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடியுங்கள்; அடித்த பிறகு மாற்றிப் புண்ணியமில்லை, போனது போனதுதான். முன்னால் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற நம்பர்களையும் இது இப்படித்தான் முழுங்கும்.

* * *

மானேஜர் ரூமுக்குத் திரும்பிப் போனேன். பிரிண்டரைச் சரி பண்ணாமல் பாஸ்புக் ஜெராக்ஸை மேஜையில் பரப்பினேன். அவர் முதலில் நம்பவில்லை. அவர் மெஷினிலேயே எக்ஸெல் திறந்து, "உங்க கார்டு நம்பர் பதினாறு டிஜிட் இருக்குமே ஸார், அதை அடிங்க" என்றேன். அடித்தார். ஈ உட்கார்ந்தது. விரட்டிக் காட்டினேன். அவருடைய கார்டின் கடைசி 4 பூஜ்யமாகியிருந்தது. இரண்டு தடவை கார்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். சொந்த நம்பர் போனால்தான் மனிதனுக்கு உறைக்கிறது.

"சரி, கம்ப்யூட்டர் தப்புன்னே வெச்சுக்குவோம். அந்த ஃபார்மட்டை மாத்தினது அவதானே? யாரைக் கேட்டு மாத்தினா?"

இங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் இந்த ஆறு நாளும் என் பெயரைச் சொல்லவே இல்லை. இவரிடம் மட்டுமில்லை, யாரிடமும். எனக்கே அப்போதுதான் அது உறைத்தது. தொண்டை வறண்டு போயிற்று.

"என்னைக் கேட்டுத்தான் ஸார். நான்தான் சொன்னேன். டீக்குப் போற அவசரத்துல சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

மானேஜர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அனுமார் வேஷம் கலைந்துவிட்டது தெரிந்தது.

"பைக் லோன் அபராதம் எவ்வளவாம்?"

"அதை நான் கொடுத்துடறேன் ஸார்."

"கம்பெனி கொடுக்கும். நீ முதல்ல பிரிண்டரைச் சரி பண்ணு."

சர்வீஸஸ் திறந்து, ஸ்பூலரை நிறுத்தி, எட்டையும் அழித்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெமோவைத் திறந்தார். மேலே இருந்த பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்தார். பிரிண்ட் கொடுத்தார். ஒரு விநாடி பொறுக்கவில்லை. பழக்க தோஷம், இன்னும் நாலு தடவை அழுத்தினார்.

பிரிண்டர் அருமையாக வேலை செய்தது. ஐந்து காப்பி வந்தது.